ஒரு சுரீர்

அடித்ததா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி. ஜெசிந்தா வீட்டு மீட்டர் பெட்டியின் தகரக் கதவைச் சாத்தும்போது நாகஜோதியின் நடுவிரலில் சுரீரென்று என்னவோ ஏறி, மணிக்கட்டுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது. கையை உதறினாளா, அதுகூட நினைவில்லை. கணக்கெடுக்கிற மெஷினில் மீட்டர் எண்ணைத் தட்டினாள், வெள்ளை அட்டையில் குறித்தாள், அட்டையை ஜன்னல் கம்பியில் செருகினாள், "வர்றேம்மா" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தாள், தெருவுக்கும் வந்துவிட்டாள். கால்களுக்கு என்ன, பழகிய கால்கள், ஒரு வாசல் முடிந்தால் அடுத்த வாசல். விரல் மட்டும் இன்னும் அந்தப் பெட்டியிடமே நின்றுகொண்டிருந்தது. பயம், என்று சொல்லிக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த மந்திரம் அது. எப்போது கை சுரீரென்றாலும், "இது கரண்டு இல்லை, பயம்" என்று மனசுக்குள் சொல்ல வேண்டும், மூச்சை இழுத்து விட வேண்டும், நடந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கக் கூடாது. நின்றால் பயம் பெரிதாகும். அவள் சொன்னாள், மூச்சை இழுத்து விட்டாள், நடந்தாள். ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் சந்து முழுதும் குழம்பிக் கிடந்தது. திண்டுக்கல்லில் இப்படி ஐப்பசி மழை பெய்து எத்தனை காலமாயிற்று என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். படட்டும். மழையில் கம்பத்தைப் பார்க்கிற வேலை இல்லாதவர்கள் சந்தோஷப்படத்தான் செய்வார்கள். இவளுக்கு மழை என்றாலே பிடிக்காது, அதை யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்த வீட்டில் ரிட்டயரான தபால்காரர் வாசலிலேயே காத்திருந்தார். நாளைக்குக் கரண்டு கட்டா, எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும், போன மாதம் சொன்ன நேரத்துக்கு வரவில்லையே என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, தெரியாதுங்கய்யா, நான் கணக்கு எடுக்கிறவதான் என்று இவள் பதில் சொல்லிக்கொண்டே மீட்டரின் எண்கள் மாறி மாறி ஓடுவதைப் பார்த்து நின்றாள். தேதி வரும், நேரம் வரும், அப்புறம்தான் யூனிட் வரும். அதற்குக் காத்திருக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் அவளுக்கு ஆகாது. அந்த இடைவெளியில்தான் ராசுக்காளை வந்து நிற்பான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவன்மாதிரி நிற்பான். அவள் புருஷன், லைன்மேனாக இருந்தவன். இதேமாதிரி ஒரு மழை விட்ட காலையில் கம்பத்தில் ஏறினான், இறங்கவில்லை. அவனை மற்றவர்கள் இறக்கினார்கள். லைனை நிறுத்தச் சொல்லாமலே ஏறிவிட்டான் என்று ஒரு பேச்சு, நிறுத்தச் சொன்னான், நிறுத்தியவர்கள் வேறு லைனை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. துக்க வீட்டிலேயே இரண்டு பேச்சும் நடந்தது, இவள் காது படவே. இரண்டில் எதை நம்புவது என்று இத்தனை வருஷமாகியும் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. அவசரக்காரன்தான். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பவன். ஆனால் கரண்டு விஷயத்தில் அவ்வளவு அவசரக்காரனா? அவன்மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதைவிடத் தன் மேல், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனைப் பற்றி இந்த ஒன்றைக்கூட உறுதியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று. அவன் போன பிறகு கருணை வேலை இவளுக்கு வந்தது. கருணைதான். எந்தச் சனியன் அவனைக் கொண்டுபோனதோ அதையே தினமும் வீடு வீடாகப் போய்க் குனிந்து பார்த்து, எவ்வளவு ஓடினாய் என்று விசாரித்துவிட்டு வருகிற வேலை. யூனிட் வந்தது. குறித்தாள். தபால்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் கை சுரீரென்னும். மரக் கதவைத் தொட்டால்கூட. ஒரு வீட்டில் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தொட்டபோது அடித்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள், அவளே நம்பவில்லை. காலண்டரை விட்டுவிடலாம். ஆனால் ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டுப் பெட்டி நிஜமாகவே அடித்ததாகத்தான் அன்று பட்டது. ஆபீசுக்குப் போன் போட்டாள். வயர்மேன் ஆரோக்கியம் கைவேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் வந்தான், வெயிலில் நின்று டெஸ்டரை வைத்தான், டெஸ்டர் எரியவில்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றான். அப்புறம் மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு. அதுவும் ஒன்றுமில்லை. அப்புறம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற காலனியில், அங்கே ஒரு மத்தியானம் முழுக்கக் கரண்டை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, வயரை இழுத்துப் பார்த்து, ஒன்றுமில்லாமல் மறுபடி மாட்டினார்கள், காலனிக்காரர்கள் இவளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அன்றிலிருந்து ஆபீசில் அவளுக்கு டெஸ்டரக்கா என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. டீ வாங்கி வருகிறவன்கூட, "டெஸ்டரக்காவுக்கு சர்க்கரை கம்மியா" என்பான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ராசுக்காளையோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான், அவனைக் கம்பத்திலிருந்து இறக்கியவர்களில் ஆரோக்கியமும் ஒருவன். அதனால்தான் சிரிப்பு அவளுக்கு அதிகம் சுட்டது. இன்ஜினியர் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். மனசில் இருக்கிறது கைக்கு வருகிறது அம்மா, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். பார்த்தாள். மாத்திரை, மந்திரம். மந்திரம் வேலை செய்தது. பயம் என்று சொல்லிவிட்டு நடந்தால் அடுத்த தெருமுனைக்குள் சுரீர் மறந்துபோகும், எந்த வீடு என்பதுகூட மறந்துபோகும். அப்படி எத்தனையோ தடவை. அதன் பிறகு அவள் ஒரு போன்கூடப் போட்டதில்லை, கொஞ்ச நாளில் டெஸ்டரக்கா என்ற பெயரும் தேய்ந்துபோயிற்று. நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இன்றைக்கு மட்டும் மந்திரம் ஏன் பிடிக்கவில்லை? தபால்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நாய். நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள், அது நல்ல வீடு, மீட்டர் உள்வராந்தாவில் காய்ந்த சுவரில் இருந்தது. பேனா முனையால் பெட்டியைத் திறந்தாள். விரலால் திறக்கவில்லை என்பதை அவளே கவனித்தாள், கவனித்து வெட்கப்பட்டாள். இங்கே எதற்குப் பேனா? பயம்தான், பார், காய்ந்த பெட்டிக்கே பயம், அப்படியானால் அங்கேயும் பயம்தான். சரியாகிப் போயிற்று. இந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது, அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். தேதி, நேரம், யூனிட். யூனிட்டைப் பார்க்கும்போது மீட்டருக்குப் பதிலாக ஒரு பச்சை பக்கெட் தெரிந்தது. ஏன் பக்கெட்? ஜெசிந்தா வீட்டு முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பக்கெட். பிழிந்த துணி குவித்து வைத்திருந்தது, மேலே குழந்தையின் மஞ்சள் சட்டை. அந்தப் பெண் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது, புருஷன் திருப்பூரில், நடை பழகுகிற பெண் குழந்தை ஒன்று. மழை விட்டதும் விடாததுமாகத் துவைத்துவிட்டாள், சுறுசுறுப்புக்காரி. துவைத்தவள் காயப்போடுவாள். எங்கே காயப்போடுவாள்? நாகஜோதிக்கு இப்போது முற்றம் முழுவதும் கண்ணுக்குள் வந்தது, பார்த்தபோது பார்க்காததெல்லாம் வந்தது. கொடி நைலான் கயிறு இல்லை, கம்பி. ஒரு முனை பப்பாளி மரத்துக்குப் பக்கத்தில் நட்ட இரும்புக் குழாயில். இன்னொரு முனை கம்பத்திலிருந்து வரும் வயர் இறங்குகிற குழாயில், மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தது. குழாயும் பெட்டியும் ஒரே இரும்பு. பெட்டி அடித்தால் குழாய் அடிக்கும், குழாய் அடித்தால் கொடி அடிக்கும். கொடியில் ஈரத்துணி. துணியைப் போடுகிறவள் ஈரக் கையோடு, வெறுங்காலோடு, நனைந்த சிமெண்டுத் தரையில். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. என்னக்கா அங்கேயே நிக்கிறீங்க என்று வீட்டுக்காரர் கேட்டார்.

மெயினை அணைக்கச் சொன்னால் தீராது. கசிவு இருந்தால் அது மீட்டருக்கு முன்னாலேயே, கம்பத்திலிருந்து வருகிற வயரில். கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினால்தான் தீரும், அதற்கு வயர்மேன் வர வேண்டும். தெருவில் நின்று போனை எடுத்தாள், பிறகு பையில் போட்டாள், மறுபடி எடுத்தாள். ஆரோக்கியத்தின் பெயரைத் தேடும்போதே காலனியில் கத்திய கூட்டம் காதுக்குள் கத்தியது. அவள் செருப்பைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு, கெட்டியான அடி. செருப்போடு இருந்ததால்தான் இவ்வளவு லேசாக அடித்ததோ? அல்லது அடிக்கவே இல்லாததால் லேசாக இருந்ததோ? இரண்டுக்கும் ஒரே சுரீர்தான். இதுதான் கொடுமை. பயம் பொய்யாகத் தருகிறதும் கரண்டு நிஜமாகத் தருகிறதும் அவளுடைய கைக்கு ஒன்றாகவே இருக்கிறது, எத்தனை யோசித்தும் அந்த விரலிடமிருந்து இனி ஒன்றும் கறக்க முடியாது. ஆரோக்கியம் எடுத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு விட்டானோ என்னவோ.

"யக்கா, கோவிச்சுக்காதீங்க. நெசமாவே அடிச்சுச்சா, இல்ல..."

அந்த "இல்ல"வுக்கு அப்புறம் வர வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும். அடித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவான், நல்லவன். நாகஜோதி வாயைத் திறந்தாள். அடித்தது என்று வரவில்லை. "அடிச்ச மாதிரி இருந்துச்சுப்பா" என்றுதான் வந்தது. மாதிரி. அந்த ஒரு சொல்லே போதும். மழையில் ஊரெல்லாம் லைன் அறுந்து கிடக்கிறது, மார்க்கெட் பக்கம் ஒரு மரம் விழுந்திருக்கிறது, முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்றான். மத்தியானத்துக்கு மேல். துணி அதற்குள் காய்ந்து மடித்தே வைத்துவிடுவார்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போய்விடலாம். மீதித் தெரு இருக்கிறது. பயம் என்று சொல்லிவிட்டு நடந்தால் தெருமுனைக்குள் மறந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும், அனுபவப்பட்ட உண்மை. அந்த மறதியின் சுகம்கூட நாக்கில் தட்டுப்பட்டது. அப்போது பின்னால் எங்கோ பக்கெட்டைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. எந்த வீட்டுப் பக்கெட்டோ. நாகஜோதி திரும்பி ஓடினாள், இந்த வயதில், மெஷின் இடுப்பில் இடிக்க இடிக்க.

ஜெசிந்தா கொடிக்கு அடியில்தான் நின்றிருந்தாள். நைட்டியைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் பிழிந்த போர்வை, உதறுவதற்காக இரண்டு முனையைப் பிடித்திருந்தாள். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நாகஜோதி மூச்சு வாங்கக் குறுக்கே போய் நின்று, கொடியில் இன்றைக்குப் போடாதே, பெட்டியில் கசிவு இருக்கும்போலத் தெரிகிறது, ஆள் வந்து பார்க்கட்டும் என்றாள். குரல் அவளுக்கே பொய்க் குரலாகக் கேட்டது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சிரித்தாள். தினமும் இதில்தானே போடுகிறேன், நேற்றுக்கூடப் போட்டேன், பிள்ளைக்கு மாற்றுத்துணி இல்லை, வெயில் தலைகாட்டுகிறபோதே போட்டால்தான் உண்டு என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். நாகஜோதியும் நகர்ந்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் விளையாடுகிறார்கள் என்றே தோன்றியிருக்கும்.

"ஷாக் அடிக்குதாக்கா? நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம், ஒரு போர்வை காயாமல் போனால் குடியா முழுகிவிடும்? ஆனால் பொய் சொன்னால் ஆரோக்கியம் வருவான், மத்தியானம் வெயிலில் டெஸ்டரை வைப்பான், எரியாது, "ஒண்ணுமில்லக்கா" என்பான், இந்தப் பெண் நாளைக்கு அதே கொடியில் போடுவாள், அடுத்த மழைக்கும் போடுவாள், அப்போது சொல்வதற்கு யார் இருப்பார்கள். அதைவிடவும் ஒன்று இருந்தது, அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொல்ல மாட்டாள். தனக்குத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. இந்தக் கை பொய்க் கையா இல்லையா என்று ஒரு தடவையாவது தெரிந்தால் போதும். மெஷினைக் கழற்றித் துவைக்கிற கல்லில் வைத்தாள். செருப்பை விட்டாள், இடது, பிறகு வலது. ஈரச் சிமெண்டு பாதத்தில் ஜில்லென்று ஒட்டியது. வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்ட புதிதில் அது ஷாக் அடிக்கிறதா என்று இவள் விரலை நீட்டியபோது ராசுக்காளை அந்தக் கையைத் தட்டிவிட்டான். அடிச் சிறுக்கி, விரலை நீட்டாதே, உள்ளங்கையைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடவே விடாது, புறங்கையால் தொட்டால் தள்ளிவிட்டுவிடும் என்றான். தன் புறங்கையைத் திருப்பி, பூனை முதுகைத் தடவுகிறவன்மாதிரி ஃபிரிட்ஜை மெதுவாகத் தொட்டுக் காட்டினான். எவ்வளவு மெதுவாக. அவசரக்காரன் இல்லை. இந்த விஷயத்தில் அவன் அவசரக்காரனே இல்லை. இத்தனை வருஷம் இது எங்கே போயிருந்தது என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ என்று ஜெசிந்தாவிடம் சொன்னாள். அவள் என்னக்கா செய்றீங்க என்று கேட்கும்போதே நாகஜோதி புறங்கையை மீட்டர் பெட்டிக்கு மேலிருந்த குழாய்க்குக் கொண்டுபோனாள்.

அப்புறம் அவள் முற்றத்துத் தரையில் மல்லாந்து கிடந்தாள். வானம் தெரிந்தது. தோள் இருக்கிறதா என்று தெரியவில்லை, பல்லெல்லாம் கூசியது, நாக்கைக் கடித்திருந்தாள். ஜெசிந்தா போர்வையை எறிந்துவிட்டு அலறிக்கொண்டு வந்தாள், தொடாதே, கொடிப் பக்கம் வராதே, அந்தண்டை போ என்று இவள் கத்தினாள், கத்த முடிந்தது. தபால்காரர் வந்தார், நாய் வீட்டுக்காரர் வந்தார், யாரோ சோடா கொண்டுவந்தார்கள், யாரோ ஆபீசுக்குப் போன் போட்டார்கள். நாகஜோதி சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள், அதிர்ச்சியில் இப்படித்தான் ஆகும் என்று தபால்காரர் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். அதிர்ச்சி இல்லை, சந்தோஷம். நிஜம், நிஜமாகவே அடித்தது. இது பொய்க் கை இல்லை. ஆபீசில் டீ வாங்குகிற பையன்வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டும். ஜெசிந்தா இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், குழந்தையும் அதைப் பார்த்து அழுதது, நான் போட்டிருப்பேனேக்கா, நான் போட்டிருப்பேனே என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாகஜோதிக்கு வாழ்க்கையில் இவ்வளவு லேசாக எப்போதும் இருந்ததில்லை.

ஆரோக்கியம் மரம் விழுந்த இடத்திலிருந்து அப்படியே பறந்து வந்திருந்தான். கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, குழாயின் வாயில் வயரை இழுத்துப் பார்த்தான். குழாய் விளிம்பு அறுத்து அறுத்து வயரின் தோல் உரிந்திருந்தது, உள்ளே மழைத்தண்ணீர் இறங்கிய தடம். இறங்கி வந்து இவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. மன்னிச்சுக்கங்கக்கா என்றான். பரவாயில்லப்பா என்றாள், மனசார. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்.

"மழை பேஞ்சாத்தான்க்கா இது வரும். தண்ணி காஞ்சுருச்சுன்னா டெஸ்டர்ல காட்டவே காட்டாது. அந்த வாத்தியார் வீட்ல, காலனியில எல்லாம் நான் வெயில் வந்தப்புறம்தான் பாத்தேன்."

நாகஜோதியின் சிரிப்பு நின்றது. வாத்தியார் வீட்டுக்கு அவள் போனது மழைக்கு மறுநாள். மாவு மில் பக்கத்து வீட்டுக்கும். காலனியில் அன்று காலையில் தூறிக்கொண்டே இருந்தது. அந்த மூன்றும் தெரிந்த வீடு, சொல்லிவிட்ட வீடு, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம்? பயம் என்று சொல்லிவிட்டு நடந்தாளே, மூச்சை இழுத்து விட்டு, நிற்காமல், எத்தனை மழைக்காலம், எத்தனை சுரீர். அதிலே எது கை, எது பயம்? யார் வீட்டுக் கொடி, யார் வீட்டுக் குழாய், எந்த வாசலில் எந்தப் பெண் வெறுங்காலோடு? ஜெசிந்தாவின் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். வானம் மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

"வேற எங்கயாச்சும் இப்பிடி இருந்துச்சாக்கா? சொல்லுங்க, இப்பவே போயிருவோம்" என்றான் ஆரோக்கியம். பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

நாகஜோதி கண்ணை மூடி ஒவ்வொரு தெருவாக நடந்து பார்த்தாள். தெரு வந்தது, கதவு வந்தது, பெட்டி வந்தது. கை சுரீரென்ற வீடு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.